மெற்றில்டாவின் சோதனைக் கசெற்

“வருந்துகிறோம்” என்று தொடங்கும் கடிதத்தில், எழுதியவர் வருந்தியதாக இதுவரை சரித்திரம் இல்லை. வாசிக்கிறவர்தான் வருந்த வேண்டும். கொட்டாஞ்சேனை மெற்றில்டாவுக்கு வந்த கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. அவளுடைய வீடியோ கெமரா களவுபோனதற்கான இழப்பீட்டுக் கோரிக்கையைக் காப்புறுதிக் கம்பனி ஏற்க முடியாத நிலையில் இருக்கிறதாம். அரச படைகள் கைப்பற்றிய பொருள்களுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லையாம். அடியில் ஒரு நீளமான கையெழுத்து. அதற்கும் அடியில் ‘சி. சிவபாதசுந்தரம், முகாமையாளர், இழப்பீட்டுப் பிரிவு’.

மெற்றில்டா அதை இரண்டு தரம் இருந்தபடி வாசித்தாள். மூன்றாம் தரம் எழும்பி நின்று வாசித்தாள். அவள் எழும்பி நின்று எதையாவது வாசித்தால் யாருக்கோ அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“கைப்பற்றினதாம்! ஆர் கைப்பற்றினது? பஸ்ஸில எவனோ பிளேட் போட்டுக் களவெடுத்ததை இந்த மனுசன் ஆமிக்காரன்ட தலையில கட்டுறார். ஆமிக்காரன்ட தலையில கட்டினா ஒருத்தரும் போய்க் கேக்க மாட்டினம் எண்டு தெரியும். கெட்டிக்காரன்தான்.”

கேட்டுக்கொண்டு நின்றவர் அவளுடைய அக்கா புருஷன் கிளெமென்ற். காலையில் துறைமுகக் களஞ்சியத்தில் கிளார்க். பின்னேரத்தில் காப்புறுதி முகவர். அந்தக் காப்புறுதியை அவளுக்கு விற்றவரே அவர்தான். “தொலைஞ்சாலும், உடைஞ்சாலும், களவு போனாலும்” என்று செபமாலை சொல்வதுபோலச் சொல்லிச் சொல்லி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கையெழுத்து வாங்கியிருந்தார். இப்போது அந்த மூன்று சொல்லையும் யாராவது தன் முன்னால் சொல்லிவிடக் கூடாதே என்று முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“களவு போனாலும் எண்டுதானே அத்தான் சொன்னீங்க?”

“சொன்னனான். நான் சொன்னது களவு. அவை சொல்றது கைப்பற்றல். அது வேற பக்கத்தில, சின்ன எழுத்தில இருக்கு மெற்றி.”

“அந்தச் சின்ன எழுத்தை ஏன் நீங்க பெரிசா வாசிச்சுக் காட்டேல்ல?”

கிளெமென்ற் பேச்சை மாற்றினார். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் ஒரு மெழுகுதிரி கொளுத்திப் பார்க்கலாம், தொலைந்ததைத் தேடித் தருவது அவர்தானே என்று ஒரு யோசனை சொன்னார். அந்தோனியார் பிரீமியம் வாங்குவதில்லை, அவரிடம் கேட்க எனக்கு உரிமையில்லை, வாங்கினவர்களிடம்தான் கேட்பேன் என்று மெற்றில்டா சொல்லிவிட்டாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை போய் மெழுகுதிரி கொளுத்தினாள். கோபம் கோபமாகவும், பக்தி பக்தியாகவும் இருந்துவிட்டுப் போகட்டுமே.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. கொழும்பில் எந்தத் தெருவில் எந்த நேரம் பஸ்ஸை மறிப்பார்கள் என்று பஸ் சாரதிக்கே தெரியாது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று முன்னோர் சொன்னது வேறு ஊருக்கு. இங்கே மடியில் கனமில்லாதவர்களும் பயந்துகொண்டுதான் போனார்கள். மெற்றில்டாவின் மடியிலோ ஒரு வீடியோ கெமரா இருந்தது.

கலியாண வீடியோ எடுப்பதுதான் அவளுடைய தொழில். கொழும்பில் கலியாண வீடியோ எடுக்கும் ஆண்கள் ஐம்பது பேர் இருந்தார்கள். மணமகள் கூறைச்சேலை மாற்றும் அறைக்குள்ளும், சாமத்தியவீட்டில் பெரியபிள்ளையானவளுக்குத் தண்ணீர் வார்க்கும் இடத்துக்கும் கெமராவோடு போகக்கூடியவள் இவள் ஒருத்திதான். அதனால் வேதக்காரியாக இருந்தாலும் வெள்ளவத்தை யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இவள் இல்லாமல் நல்லநாள் பெருநாள் இல்லை. சம்பந்திமாரின் பெயர் மறந்தாலும் “வீடியோ மெற்றில்டா”வின் ரெலிபோன் இலக்கம் மறக்காது. ஆறு வருஷம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில், மிலானில் வேலை செய்யும் சிநேகிதி டோரின் மூலம் எடுப்பித்த கெமரா அது. கையடக்கமானது, ஒரு இறாத்தல் பாணை விடக் கொஞ்சம் பெரிது.

அந்தக் கெமராவோடு சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்கு ஒரு முறை இருந்தது. ஆமிக்காரர் முதலில் பாக்கைத் திறப்பார்கள். பிறகு, “வேலை செய்யுதா? போட்டுக் காட்டு” என்பார்கள். குண்டா கெமராவா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். சிவப்பு வெளிச்சம் எரிந்து, பக்கத்துச் சின்னத் திரையில் படம் விழுந்தால்தான் நம்புவார்கள். பிறகு அடியில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்துக் கொப்பியில் பதிவார்கள். ஒரு முறை இப்படிப் போட்டுக் காட்டப்போய், ஒரு மாப்பிள்ளை தாலி கட்டிய இடத்தின் மேல் பத்து விநாடி மணல் மூட்டை பதிந்துவிட்டது. பெண்ணின் தாய் அழுத அழுகை மெற்றில்டாவின் காதில் ஆறு மாதம் கேட்டது.

அன்றிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்தாள். கலியாணம் முடிந்ததும் கலியாணக் கசெற்றைக் கழற்றிக் கைப்பையில் போடுவாள். கெமராவுக்குள் ஒரு பழைய கசெற்றைப் போடுவாள். ஆமிக்காரன் கேட்டால் அதில்தான் பதிந்து காட்டுவது. சாவடி முடிந்ததும் அதையும் கழற்றிக் கைப்பையில் போட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். கெமரா போனால் இன்னொன்று வாங்கலாம், கலியாணம் போனால் வாங்க முடியுமா என்பது அவள் கட்சி. அந்தப் பழைய கசெற்றுக்கு அவள் வைத்த பெயர் சோதனைக் கசெற். அதை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. குப்பைக் கூடையை யார் போட்டுப் பார்ப்பார்கள்?

களவு நடந்த சனிக்கிழமையும் எல்லாம் வழக்கப்படிதான். வெள்ளவத்தையில் கலியாணம், பின்னேரம் பஸ், கொள்ளுப்பிட்டிக்கு இந்தப் பக்கம் சோதனை. எல்லோரும் இறங்கினார்கள். கெமராவைப் போட்டுக் காட்டினாள், பதிந்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். கசெற்றைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள், கெமராவைப் பாக்கில் வைத்தாள், பஸ்ஸில் ஏறினாள். சனம் நெருக்கியது. கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது பாக் பாரமில்லாமல் இருந்தது. அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளேட்டால் கீறியிருந்தது. உள்ளே துடைக்கிற துணி மட்டும் மிச்சம்.

அன்றைக்கே பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதினாள். தமிழ்ச் சனம் பொலிஸ் நிலையத்துக்குப் போக ஏழுதரம் யோசிக்கும் காலத்தில் அவள் ஒருதரம்கூட யோசிக்கவில்லை. கடைசியாகக் கெமராவைக் கண்ணால் கண்டது எங்கே என்று சார்ஜன் கேட்டார். சோதனைச்சாவடியில் என்று உள்ளதைச் சொன்னாள். அந்த உண்மைதான் இப்போது சிவபாதசுந்தரத்தின் கையில் கயிறாக இருந்தது.

கடிதம் வந்த மறுநாள் அவள் அந்தக் கயிற்றைப் பார்க்கவே கம்பனிக்குப் போனாள். கீறிய பாக்கையும் கொண்டு போனாள். சிவபாதசுந்தரம் மெலிந்த மனுஷன், நெற்றியில் திருநீற்றுக் கீற்று, சேர்ட் பையில் மூன்று பேனை. பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. மரியாதையாக ‘இல்லை’ என்று சொல்கிறவர்களோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மெற்றில்டாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நீங்கள் சொல்லுறதை நான் பொய் எண்டு சொல்லேல்லைப் பிள்ளை. ஆனால், கடைசியாச் செக்பொயின்றில கண்டது எண்டு நீங்களே பொலிசில சொல்லியிருக்கிறியள். அதுக்குப் பிறகு அது உங்கட கைக்கு வந்தது எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

“இந்தா இருக்கே சேர், கீறின பாக்.”

அவர் பாக்கைத் தொடாமல் பார்த்தார். “பாக்கை ஆரும் கீறலாம்.”

மெற்றில்டாவின் காது சூடானது. யாரும் என்றால் அவளும் கூடத்தானே. கெமராவை விற்றுவிட்டுத் தானே பாக்கைக் கீறிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்பதை இதைவிட மரியாதையாக ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

“சேர், வாற மாசம் வெள்ளவத்தையில சரோஜினிதேவி எண்ட அம்மாவின்ட மகளுக்குக் கலியாணம். தகப்பன் தில்லைநாதன் யாழ்ப்பாணத்தில நிக்கிறார். பாதை இல்லை, பிளேனில இடம் இல்லை. மகளுக்குத் தாலி கட்டுறதை அந்த மனுசன் என்ட வீடியோவிலதான் பாக்கப்போறார். வாக்குக் குடுத்திட்டன். கெமரா இல்லாமல் நான் என்னத்தைக் கொண்டு போறது? இந்தக் கீறின பாக்கையோ?”

தில்லைநாதன், யாழ்ப்பாணம் என்ற சொற்களில் முகாமையாளரின் பேனை ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பவும் அசைந்தது. “கெமராவை உங்களிட்டைத் திருப்பித் தந்தவை எண்டு ஒரு சாட்சி கொண்டு வாங்கோ. அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்,” என்றார்.

சாட்சி! திருப்பிக் கொடுத்தவன் ஆமிக்காரன். இப்படிக் கம்பனிக் கடிதம் வாங்கிய வேறு யாராவது என்றால் அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். மெற்றில்டா நேரே பஸ் ஏறிக் கொள்ளுப்பிட்டிச் சாவடியில் இறங்கினாள். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தச் சனிக்கிழமை நின்ற மெல்லிய பொடியன், பல்லில் ஒரு இடைவெளி இருக்கும், அவன் எங்கே என்று விசாரித்தாள். அந்தப் படைப்பிரிவு மாறிப் போய்விட்டது, கொப்பியும் அவர்களோடு போய்விட்டது, நீ யார், ஏன் ஆமிக்காரனைத் தேடுகிறாய், அடையாள அட்டையைக் காட்டு என்று கேள்வி அவள் பக்கம் திரும்பியது. அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்துத்தான் விட்டார்கள்.

திரும்பி வரும்போது முதல்தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்ததல்ல. உண்மை பேசுகிறவளிடம் உலகம் முழுக்க அத்தாட்சி கேட்கிறதே என்ற எரிச்சலில் வந்தது. அழுதுகொண்டே மருதானையில் இறங்கினாள். அங்கே ஸமீமின் ஸ்ரூடியோ இருந்தது. கெமரா போனாலும் அந்தச் சனிக்கிழமைக் கலியாணத்தை வெட்டி ஒட்டிக் கொடுக்க வேண்டுமே. அவள் எடுத்த எல்லாக் கலியாணங்களும் ஸமீமின் மெஷினில்தான் உருப்பெறும்.

கைப்பையைக் கவிழ்த்து மேசையில் கசெற்றுகளைக் கொட்டினாள். நான்கில் பெயரும் திகதியும் ஒட்டியிருந்தன. ஐந்தாவதில் ஒன்றுமில்லை.

“இது என்னக்கா? யாருட கலியாணம்?” என்றான் ஸமீம்.

“அது ஒருத்தன்ட கலியாணமும் இல்லை. ஆமிக்காரருக்குப் போட்டுக் காட்டுற...”

வாய் அப்படியே நின்றது. கண்ணீரும் நின்றது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஊரெல்லாம் அலைந்தவள் தானே என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு விளங்கியது.

“ஸமீம், இதைப் போடு. கடைசிக்குப் போ.”

திரையில் முதலில் மணல் மூட்டை தெரிந்தது. பிறகு பல்லில் இடைவெளி உள்ள பொடியன் சிரித்தான். கெமராவைத் தா என்று கை நீட்டினான். கெமரா கை மாறியது. அடுத்ததாகத் திரையில் தெரிந்தது மெற்றில்டாவின் சொந்த முகம், தூறலில் நனைந்து, சலித்து. பின்னால் பஸ். பிறகு உலகம் தலைகீழானது. அவன் கெமராவைப் பிரட்டி அடியிலிருக்கும் இலக்கத்தைப் பார்க்கிறான், சிவப்பு வெளிச்சம் எரிந்தபடியே இருக்கிறது. திகதி, நேரம், இலக்கம் என்று ஒவ்வொன்றாக உரத்துச் சொல்கிறான். பக்கத்தில் ஒருவன் எழுதுகிறான். கடைசியில் தெளிவாக ஒரு குரல்: “மென்ன நோனா கெமராவ. பரிஸ்ஸமென் கெனியன்ன.” இந்தாருங்கள் அம்மா கெமரா, கவனமாகக் கொண்டு போங்கள்.

மெற்றில்டா கதிரையிலிருந்து எழும்பி ஸமீமின் தலையில் இரண்டு கையாலும் அடித்தாள். சந்தோஷத்தில் அவள் செய்வது அது. “சாட்சி! அந்த மனுசன் கேட்ட சாட்சி! அவன்ட வாயால சொல்லியிருக்கிறான் பார்!”

ஸமீம் சிரிக்கவில்லை. எழும்பிப் போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “அக்கா, இதில ரெண்டு வருஷத்துச் செக்பொயின்ற் எல்லாம் இரிக்கி. எத்தன பேர் நிக்கிறாங்க, எங்க துவக்கு வெச்சிரிக்கிறாங்க, எல்லாம் இரிக்கி. இதக் கொண்டு போய்க் கம்பனியில காட்டினா, நீங்க கெமராவுக்குக் காசு வாங்கப் போறதில்ல. வேற எடத்துக்குப் போவீங்க.”

அவள் அப்படியே உட்கார்ந்தாள். அவன் சொன்னது சரி. சாவடியை வீடியோ எடுத்த தமிழ்ப் பெண். அவர்களே போட்டுக் காட்டச் சொன்னார்கள் என்று எந்த அறைக்குள் இருந்துகொண்டு யாருக்கு விளங்கப்படுத்துவது? ரெலிபோனில் விஷயம் கேட்ட கிளெமென்ற் அரை மணி நேரத்தில் ஓட்டோவில் வந்து சேர்ந்தார். கசெற்றைத் தொடக்கூடப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“மெற்றி, சொல்றதைக் கேள். இதைக் கடலில போடு. கெமராவும் வேணாம், கிளெயிமும் வேணாம். நீ கட்டின பிரீமியத்தை நான் தாறன்.”

“அத்தான், உங்கட காசை ஆர் கேட்டது? பாக்கை நான்தான் கீறினனான் எண்டு அந்த மனுசன் நினைச்சுக்கொண்டு இருக்கிறார். அதை ஆர் கடலில போடுறது?”

திரையில் உலகம் தலைகீழாக நின்றிருந்தது: மேலே பூட்ஸ், கீழே வானம். மெற்றில்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“ஸமீம், போன மாசம் ஐயர் இருமிக்கொண்டே மந்திரம் சொன்னாரே, அதுக்கு நாங்க என்ன செய்தனாங்க?”

“சத்தத்த எடுத்திட்டு நாதஸ்வரம் போட்டோம்.”

“படம் இருந்தது, சத்தம் போச்சு. இப்ப படம் போகட்டும், சத்தம் இருக்கட்டும்.”

ஸமீம் அவளைப் பார்த்தான். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. “படத்துக்குப் பதிலா என்னத்தப் போடுற? சும்மா கறுப்பா விட்டா நல்லா ஈக்காது.”

“கலியாண வீடியோக்காரிக்கு என்னத்தைப் போடுறதெண்டு நீ கேக்கிறியோ?”

ஸமீமின் மெஷினில் ரோசாப்பூ மழை ஒன்று இருந்தது. கொழும்பில் அந்த வருஷம் நடந்த எந்தக் கலியாணமும் அதிலிருந்து தப்பியதில்லை. மணமக்கள் மோதிரம் மாற்றினால் ரோசாப்பூ. கேக் வெட்டினால் ரோசாப்பூ. மாமியார் சிரித்தாலும், அபூர்வமாகத்தான் என்றாலும், ரோசாப்பூ. அன்றைக்கு இரண்டு வருஷத்து மணல் மூட்டைகளின் மேலும் துவக்குகளின் மேலும் ரோசாப்பூ விழுந்தது. முதல் இதழிலிருந்து கடைசி இதழ்வரை மெற்றில்டா கண் இமைக்காமல் பார்த்து, ஒரு பூட்ஸ் நுனிகூட மிச்சமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள். குரல்கள் மட்டும் அதே கசெற்றில் அப்படியே இருந்தன.

கசெற்றைப் போட்டுக் காட்ட ஸமீம் தன்னுடைய சின்னக் கெமராவைக் கொடுத்தான். “இதுக்குக் காப்புறுதி இல்ல அக்கா. தொலைஞ்சாலும், உடைஞ்சாலும், களவு போனாலும் நீங்கதான்,” என்றான். கிளெமென்ற் அதைப் பிறந்த பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். தன் வாழ்நாளிலேயே அந்த மூன்று சொல்லுக்கும் அர்த்தம் அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முகாமையாளரின் மேசையில் மெற்றில்டா கெமராவை வைத்து, சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“சாட்சி கேட்டீங்க சேர். கொண்டுவந்திருக்கிறன்.”

திரையில் ரோசாப்பூ விழத் தொடங்கியது. சிவபாதசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “இது என்ன பிள்ளை?”

“அதைப் பாக்க வேண்டாம் சேர். கேளுங்கோ.”

முதலில் கேட்டது மெற்றில்டாவின் சொந்தக் குரல்தான். மழை தூறுகிறது மல்லி, லென்ஸில் தண்ணீர் படாமல் பிடி, இது என்ன உன்னுடைய மண்வெட்டியா என்று ஆமிக்காரனைத் தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் அதட்டிக்கொண்டிருந்தாள். கிளெமென்ற் கண்ணை மூடிக்கொண்டார். பொடியன் சிரித்த சத்தம் கேட்டது. பிறகு அவன் உரத்த குரலில் திகதி சொன்னான். முகாமையாளர் நிமிர்ந்தார். அவன் நேரம் சொன்னான்: நாலு இருபது. முகாமையாளர் கோவையைத் திறந்து பொலிஸ் முறைப்பாட்டை எடுத்தார். அதிலும் நாலு இருபது என்றுதான் இருந்தது.

அடுத்தது இலக்கம். “ஹதர... பிந்துவ... ஹத...”

முப்பது வருஷம் கொழும்பில் குப்பை கொட்டிய மனுஷனுக்குச் சிங்கள இலக்கம் தெரியாதா? காப்புறுதிப் பத்திரத்தில் கெமராவின் இலக்கம் எழுதியிருந்த இடத்தில் பேனையை வைத்தார். நாலு, சைபர், ஏழு. ஒவ்வொன்றுக்கும் கீழே சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். “எக... எக... நமய...” ஒன்று, ஒன்று, ஒன்பது. கடைசி இலக்கம் வரும் முன்னால் தூரத்தில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. கிளெமென்ற் கதிரை நுனிக்கு வந்தார். “...ஹய” என்றது குரல். ஆறு. கடைசிப் புள்ளியும் விழுந்தது.

“மென்ன நோனா கெமராவ. பரிஸ்ஸமென் கெனியன்ன.”

கெமராவை நிறுத்திய மெற்றில்டா, கசெற்றை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக் காட்டினாள். “இன்னொண்டு சேர். இந்தக் கசெற் கெமராவுக்குள்ள இருந்தது. கெமரா என்ட கைக்கு வராட்டி, இதை நான் எப்படிக் கழட்டினனான்?”

சிவபாதசுந்தரம் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இந்தப் பூவெல்லாம் முதலிலயே இருந்ததோ?”

“இல்லை சேர்.”

“பூவுக்கு முன்னம் இருந்தது இப்ப எங்கையாவது இருக்குதோ?”

“எங்கையும் இல்லை சேர்.”

அவர் நீண்ட மூச்சு விட்டார். அந்த மூச்சில் அவள் ஒன்றைக் கண்டாள். இந்த மனுஷனும் காலையில் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், இவரையும் இறக்கி வரிசையில் விட்டு அடையாள அட்டை கேட்கிறார்கள். ஆமிக்காரரின் பெயர் வரும் கோவை எதையும் தொடப் பயந்துதான் அந்தச் சின்ன எழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறார். அதற்காக அவள் அவரை மன்னித்தாளா என்றால், அன்றைக்கு இல்லை. கையெழுத்து வைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள்.

அவர் மூன்று பேனைகளில் பச்சைப் பேனையை எடுத்தார். கோவையில் ஆறேழு வரி எழுதினார். எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினார்: பொருள் உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது ஒலிப்பதிவால் உறுதியாகிறது, இழப்பு அதன் பின் நிகழ்ந்த களவு, கோரிக்கை முழுமையாக ஏற்கப்படுகிறது. அந்த ‘முழுமையாக’ என்ற சொல்லில் கிளெமென்ற் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். பிறகு, தான் கம்பனியின் முகவர் என்பது நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார்.

“சேர், பாக்கை ஆரும் கீறலாம் எண்டு சொன்னீங்க,” என்றாள் மெற்றில்டா. விடுவாளா?

“சொன்னனான்.” அவர் எழும்பி நின்றார். “அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது பிள்ளை. அதைத் திருப்பி எடுக்கிறன்.”

அது போதும். கெமராவை விட அதுதான் பெரிது என்று பிறகு அக்காவிடம் அவள் சொன்னாள். அறையை விட்டு வெளிக்கிடும்போது சிவபாதசுந்தரம் பின்னாலிருந்து சொன்னார்: “இந்தக் கதிரையில எத்தினை சாட்சியைக் கண்டிட்டன். ஒரு ஆமிக்காரன் எங்கட பொம்பிளைக்குச் சாட்சி சொன்னதை இண்டைக்குத்தான் கேட்டன்.”

“அவனுக்கே தெரியாது சேர்,” என்றாள் மெற்றில்டா.

படியிறங்கும்போது கிளெமென்ற் பாட்டுப் பாடினார். வழியில் கொச்சிக்கடையில் இறங்கி அந்தோனியாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். அந்தோனியார் கைப்பையைக் கவிழ்க்க வைத்தாரே, அதற்காக என்று இரண்டு மெழுகுதிரியை மெற்றில்டாவே வாங்கிக் கொளுத்தினாள்.

புதுக் கெமரா ஆனி மாதம் முதல் கிழமையே வந்துவிட்டது. வந்த அன்றே கிளெமென்ற் புதுப் பத்திரத்தைக் கொண்டு வந்தார். இந்த முறை சின்ன எழுத்தை முதலில் வாசித்தார், ஒரு வரி விடாமல், ஒரு மணி நேரம். கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு நித்திரை வந்துவிட்டது. மெற்றில்டா முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள்.

சரோஜினிதேவியின் மகளுக்கு வெள்ளவத்தையில் தாலி ஏறியது. மெற்றில்டா கூறை மாற்றும் அறையிலிருந்து ஆரத்தி வரை ஒன்றையும் விடவில்லை. தாலி கட்டி முடிந்ததும் மணமகளைக் கெமராவுக்கு முன்னால் நிறுத்தினாள். “இதுக்குள்ள அப்பா நிக்கிறார் பிள்ளை. கதை,” என்றாள். “அப்பா” என்று தொடங்கிய பிள்ளை, சிரித்துச் சிரித்து ஐந்து நிமிஷம் கதைத்தது. அந்த இடத்தில் ரோசாப்பூ போடுவதில்லை என்று மெற்றில்டா அப்போதே முடிவு செய்தாள். தில்லைநாதனுக்கும் மகளின் முகத்துக்கும் இடையில் ஒரு இதழ்கூட வேண்டாம்.

பின்னேரம் பஸ்ஸை அதே கொள்ளுப்பிட்டியில் மறித்தார்கள். எல்லோரும் இறங்கினார்கள். மெற்றில்டா கலியாணக் கசெற்றைக் கைப்பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்து, பழைய கசெற்றைக் கெமராவுக்குள் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். இந்த முறை இருந்தவன் புதியவன், மீசை அரும்பாதவன். பாக்கைத் திறந்தான்.

“வேலை செய்யுதா? போட்டுக் காட்டு.”

போட்டுக் காட்டினாள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அவன் கெமராவை வாங்கிப் பிரட்டினான். அடியில் இருந்த இலக்கத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதத் தொடங்கினான்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெற்றில்டா மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

“மல்லி,” என்றாள் சிங்களத்தில். “எனக்குக் கேக்கேல்ல. சத்தமா வாசி.”

அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். பிறகு, அம்மா சொன்னதைக் கேட்டுப் பழகிய பிள்ளையாக இருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினான். காலி வீதி முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு இலக்கமாக வாசித்தான்.